ஆங்கில வினைச்சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன்? கடிதமும் விண்ணப்பமும் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

விடுப்புக் கடிதம், வேலைக்கான விண்ணப்பம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எஸ்ஓபி (ஏன் அந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை), வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல் என்று எதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தாலும் இந்தத் தொல்லை வரும். இலக்கணம் ஓரளவு தெரியும், சொற்களும் கைவசம் இருக்கும். ஆனால் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' என்ற பிரிபொசிஷனை ('இன்', 'ஆன்', 'டு' போன்ற சின்னச் சொல்) போடலாமா கூடாதா என்ற இடத்தில் கை நின்றுவிடும். நிற்காமல் எழுதிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. ஸ்பெல் செக் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் சரியான எழுத்தில்தான் இருக்கிறது. தவறு சேர்க்கையில் இருக்கிறது. நல்ல படிப்பும் அனுபவமும் உள்ளவர்களின் விண்ணப்பம் இந்தச் சின்னச் சொற்களால் மங்கிப்போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பழகினால் தவிர்க்கக்கூடிய தவறு இது.

செலவு எதுவும் இல்லை. எழுதி முடித்த வரைவு ஒன்று, ஒரு பென்சில், இணையம் உள்ள கைப்பேசி, ஒரு நோட்டு போதும். ஒரு பக்கக் கடிதத்தைத் தொடக்கத்தில் இப்படிப் பார்க்க அரை மணி நேரம் ஆகலாம். பழகப் பழகப் பத்து நிமிடத்துக்கு வந்துவிடும். கீழே 'ஆஃப்' என்று வருவதெல்லாம் ஒரே ஒரு 'எஃப்' எழுத்து உள்ள சொல். இரண்டு 'எஃப்' உள்ளது இங்கே வரவில்லை.

1. எழுதும்போது நிற்காதீர்கள், முடித்த பிறகு கோடு போடுங்கள்

வரைவை ஒரே மூச்சில் எழுதி முடியுங்கள். பிறகு அதை அச்செடுத்தோ திரையில் பெரிதாக்கியோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் அதையடுத்து வரும் சொல்லின் கீழும் கோடு போடுங்கள். 'இஸ்', 'வாஸ்', 'ஹேவ்' போன்ற துணைவினைகளை விட்டுவிடலாம். கோடு போட்டவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு ஐயமில்லாமல் தெரிந்தவையாக இருக்கும். மீதமுள்ளவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இனி வரும் வேலையெல்லாம் அந்தக் கேள்விக்குறிகளில்தான்.

முழு நம்பிக்கையோடு எழுதியவற்றிலும் தவறு ஒளிந்திருக்கலாம் என்பதால் அடுத்த படியை மட்டும் கோடு போட்ட எல்லா வினைக்கும் செய்யுங்கள்.

2. தமிழ் உருபு எங்கே இழுக்கிறது என்று பாருங்கள்

நாம் செய்யும் தவறுகளில் பல வேற்றுமை உருபிலிருந்து வருபவை. மனதுக்குள் தமிழில் ஓடும் வாக்கியத்தின் உருபை, ஆங்கிலத்தில் ஒரு பிரிபொசிஷனாக மாற்றிப் போட்டுவிடுகிறோம். இது இரண்டு திசையில் நடக்கும்.

முதல் திசை: தமிழில் 'பற்றி', 'கு', 'இல்', 'உள்' என்று ஏதோ ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் அந்த இடம் காலி. நாம் அந்தக் காலி இடத்தை நிரப்பிவிடுகிறோம்.

சம்பள உயர்வைப் பற்றி விவாதித்தோம் என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதுகிறோம். சரியானது 'டிஸ்கஸ்ட் தி இன்க்ரிமென்ட்'. அதைப் பற்றிக் குறிப்பிட்டேன் என்பது 'மென்ஷன்ட் அபவுட் இட்' ஆகிவிடுகிறது. 'மென்ஷன்ட் இட்' போதும். கூட்டத்தில் கலந்துகொண்டேன் என்பதற்கு 'அட்டெண்டட் தி மீட்டிங்', நடுவில் 'இன்' வேண்டாம். நிறுவனத்தில் சேர்ந்தேன் என்பதற்கு 'ஜாயின்ட் தி கம்பெனி'. 'ஜாயின்ட் இன்' என்றால் ஒரு செயலில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டதாகப் பொருள் மாறிவிடும். அறைக்குள் நுழைந்தார் என்பதற்கு 'என்டர்ட் தி ரூம்'. மேலாளருக்குத் தெரிவித்தேன் என்பதற்கு 'இன்ஃபார்ம்ட் தி மேனேஜர்', 'டு' இல்லை. மேலாளரோடு தொடர்புகொண்டேன் என்பதற்கு 'கான்டாக்டட் தி மேனேஜர்', 'வித்' இல்லை. அவரைத் திருமணம் செய்துகொண்டார் என்பதற்கு 'மேரீட் ஹெர்'. திருமணமானவர் என்ற நிலையைச் சொல்லும்போது 'இஸ் மேரீட் டு'. இரண்டு இடத்திலும் 'வித்' கிடையாது.

இரண்டாம் திசையை யாரும் அவ்வளவாக எச்சரிப்பதில்லை. தமிழில் வெறும் 'ஐ' உருபு இருக்கும், ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் கட்டாயம். நாம் அதை விழுங்கிவிடுகிறோம். கழிவை அப்புறப்படுத்தினார்கள் என்பதால் 'டிஸ்போஸ்ட் தி வேஸ்ட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்போஸ்ட் ஆஃப் தி வேஸ்ட்' என்பதே சரி. விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பது 'கம்ப்ளை தி ரூல்ஸ்' ஆகிறது. 'கம்ப்ளை வித் தி ரூல்ஸ்' என்று வர வேண்டும். பேச்சைக் கேட்டேன் என்பது 'லிஸன்ட் டு', உதவியை எதிர்பார்த்திருக்கிறேன் என்பது 'டிபெண்ட் ஆன்', முடிவை எதிர்த்தார்கள் என்பது 'அப்ஜெக்டட் டு', இழப்பை ஈடுசெய்தது என்பது 'காம்பன்ஸேட்டட் ஃபார்'. இந்தியாவில் மிகப் பரவலான 'அப்ளை லீவ்' என்ற சேர்க்கையும் இந்த வகைதான். 'அப்ளை ஃபார் லீவ்' என்று எழுதுங்கள்.

ஆகவே கோடு போட்ட ஒவ்வொரு வினைக்கும் அருகில் தமிழ் வாக்கியத்தை மனதில் சொல்லிப் பாருங்கள். தமிழ் உருபும் நீங்கள் போட்ட பிரிபொசிஷனும் அச்சாகப் பொருந்தினால், அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள். பொருந்துவது தவறு என்று பொருளில்லை. 'வெயிட் ஃபார்' என்பதும் பேருந்துக்காகக் காத்திரு என்பதும் பொருந்தவே செய்கின்றன. ஆனால் சரிபார்க்காமல் விடக் கூடாத இடம் அது.

3. அது வினையா, பெயரா என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆங்கிலத்தில் பல சொற்கள் பெயராக வரும்போது பிரிபொசிஷன் கேட்கும், வினையாக வரும்போது கேட்காது. நாம் பெயரோடு கேட்டுப் பழகிய சேர்க்கையைக் கொண்டுபோய் வினையில் ஒட்டிவிடுகிறோம்.

'ரிக்வெஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. இங்கே அது பெயர். 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. இங்கே அது வினை. 'ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்' என்று நேராக எழுத வேண்டும் ('டேஸ்' என்ற சொல்லின் கடைசியில் மேற்கோள்குறி போல ஒரு புள்ளி, அதாவது அபாஸ்ட்ரஃபி, எஸ் எழுத்துக்குப் பிறகு வரும்). அதேபோல 'டிஸ்கஷன் அபவுட்' உண்டு, 'டிஸ்கஸ் அபவுட்' இல்லை. 'எம்ஃபஸிஸ் ஆன்' உண்டு, 'எம்ஃபஸைஸ் ஆன்' இல்லை. 'ஸ்ட்ரெஸ் ஆன் சேஃப்டி' என்று பெயராக எழுதலாம், வினையாக எழுதும்போது 'ஸ்ட்ரெஸ்ட் தி நீட் ஃபார் சேஃப்டி'. 'டிமாண்ட் ஃபார்', 'ஆன்சர் டு', 'விசிட் டு', 'லேக் ஆஃப்', 'டிஸ்கிரிப்ஷன் ஆஃப்', 'அப்ரோச் டு', 'வயலேஷன் ஆஃப்', 'என்ட்ரி இன்டு' ஆகியவை எல்லாம் பெயருக்கு உரியவை. வினையாக்கினால் அந்தத் துணை, அதாவது பிரிபொசிஷன், உதிர்ந்துவிடும்: 'டிமாண்டட் பேமென்ட்', 'ஆன்சர்ட் தி கொஸ்சன்', 'விசிட்டட் தி சைட்', 'லேக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'.

எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லுக்கு முன்னால் 'மை', 'தி', 'எ', 'யுவர்' போன்றவை நின்றால் பெரும்பாலும் பெயர். 'ஐ', 'வி', 'தே', 'டு', 'வில்' போன்றவை நின்றால் பெரும்பாலும் வினை. இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடி போதும்.

'ஆர்டர்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 'தி ஆர்டர் ஃபார் ஃபிஃப்டி சேர்ஸ்' என்பது பெயர், சரி. 'வி ஆர்டர்ட் ஃபார் ஃபிஃப்டி சேர்ஸ்' தவறு. ஆனால் 'வி ஆர்டர்ட் டீ ஃபார் தி கெஸ்ட்ஸ்' சரி. அங்கே 'ஃபார்' வருவது விருந்தினருக்காக, தேநீருக்காக இல்லை. வினைக்கு அடுத்து வாங்கும் பொருள் நேராக வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

புள்ளிவிவரம் எழுதுவோருக்கு இதிலேயே ஒரு கிளை உண்டு. வெளிநாட்டில் படிக்க எழுதும் ஐஇஎல்டிஎஸ் அகாடெமிக் ஆங்கிலத் தேர்வில், எழுத்துப் பிரிவின் முதல் பகுதியிலும் அலுவலக ரிப்போர்ட்டிலும் இது வராமல் போகாது. வினையாக எழுதினால் மாற்றத்தின் அளவுக்கு 'பை': 'சேல்ஸ் ரோஸ் பை டென் பர்சென்ட்'. பெயராக எழுதினால் அளவுக்கு 'ஆஃப்', பொருளுக்கு 'இன்': 'எ ரைஸ் ஆஃப் டென் பர்சென்ட் இன் சேல்ஸ்'. போய்ச் சேர்ந்த எண்ணுக்கு 'டு'. 40-இலிருந்து 50-க்கு ஏறியது என்றால் 'ஃபிரம் 40 டு 50', அல்லது 'பை 10'. 'பை 50' என்று எழுதினால் 90-க்குப் போய்விட்டது என்று படிப்பவர் கணக்குப் போடுவார். இங்கே பிழை இலக்கணத்தோடு நிற்காது, தகவலே தவறாகிவிடும்.

4. அகராதியில் பொருளைப் பார்க்காதீர்கள், எடுத்துக்காட்டைப் பாருங்கள்

கேள்விக்குறிகள் மிச்சம் இருக்கும். அவற்றுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதி உதவாது. அது பொருளைத் தரும், துணையைத் தராது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பும் போதும். வினைகளின் துணை பத்து இருபது ஆண்டில் மாறிவிடுவதில்லை.

அகராதியில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வினைக்குப் பக்கத்தில் உள்ள குறி. 'டிரான்ஸிட்டிவ்' என்றோ சதுர அடைப்புக்குள் 'டி' என்றோ இருந்தால் அந்த வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். 'இன்டிரான்ஸிட்டிவ்' அல்லது 'ஐ' என்று இருந்தால் செயப்படுபொருள் போன்ற சொல் வருவதற்கு முன்னால் ஒரு பிரிபொசிஷன் தேவைப்படும். பல வினைகளுக்கு இரண்டும் இருக்கும்; அப்போது நீங்கள் சொல்ல வரும் அர்த்தத்துக்குரிய எண் எது என்று பார்த்துவிட்டுக் குறியைப் படியுங்கள்.

இரண்டாவது, தடித்த எழுத்தில் வரும் அமைப்பு. 'சம்திங்', 'சம்படி' என்ற சொற்களின் சுருக்கங்களோடு, ஆளும் பொருளும் எந்த வரிசையில் வர வேண்டும், நடுவில் எது வரும் என்று அப்படியே காட்டியிருப்பார்கள்.

மூன்றாவது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள். குறைந்தது இரண்டைப் படித்து, உங்கள் வாக்கியத்தின் சாயலில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பலரும் செய்யும் தவறுகளுக்கு இந்த அகராதிகளில் தனிக் குறிப்பும் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரு வினைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். விளங்கவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றி உங்களுக்குத் தெரிந்த வேறு வினையைப் போடுங்கள். அது தோல்வி இல்லை. ஆங்கிலத்தை நன்றாக எழுதுவோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

5. எதிரில் ஆள் இருந்தால் 'டு' வேண்டுமா என்று தனியாகப் பாருங்கள்

எனக்குச் சொன்னார், எனக்கு விளக்கினார், எனக்குத் தெரிவித்தார், எனக்குப் பரிந்துரைத்தார். தமிழில் நான்குக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் இவை இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

ஆளை நேராக எடுப்பவை: 'டெல்', 'இன்ஃபார்ம்', 'அட்வைஸ்', 'ரிமைண்ட்', 'அஷ்யூர்', 'கன்வின்ஸ்'. இவற்றுக்குப் பின்னால் 'மி' என்று நேராகப் போடலாம். செய்தியைச் சேர்க்கும்போதுதான் 'ஆஃப்' அல்லது 'அபவுட்' வரும்: 'இன்ஃபார்ம்ட் மி ஆஃப் தி டிலே'.

ஆளுக்கு முன் 'டு' கேட்பவை: 'எக்ஸ்ப்ளெயின்', 'சஜஸ்ட்', 'டிஸ்கிரைப்', 'மென்ஷன்', 'சே', 'ரிப்போர்ட்', 'ப்ரபோஸ்'. 'ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் மி தி பிராசஸ்' என்பது நம் ஊரில் நாள்தோறும் காதில் விழும். எழுத்தில் 'எக்ஸ்ப்ளெய்ன்ட் தி பிராசஸ் டு மி'. 'ப்ளீஸ் சஜஸ்ட் மி எ குட் புக்' என்பதையும் விட்டுவிட்டு 'ப்ளீஸ் சஜஸ்ட் எ குட் புக்' என்றே எழுதுங்கள். கேட்பவர் யாரென்று கடிதத்திலேயே இருக்கிறது.

'ப்ரொவைட்' இரண்டு பக்கமும் போகும். ஆள் முதலில் வந்தால் நடுவில் 'வித்': 'ப்ரொவைட் மி வித் எ சர்ட்டிஃபிகேட்'. பொருள் முதலில் வந்தால் 'டு' அல்லது 'ஃபார்': 'ப்ரொவைட் எ சர்ட்டிஃபிகேட் டு தி கேண்டிடேட்'. சான்றிதழ் கேட்டு எழுதும் கடிதங்களில் 'ப்ரொவைட் மி எ சர்ட்டிஃபிகேட்' என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். அமெரிக்கப் பேச்சில் அது கேட்கும் என்றாலும் 'வித்' போட்டுவிடுவது எங்கும் பாதுகாப்பு. 'சப்ளை'யும் இதே வழி.

6. ஒரே வினைக்கு இரண்டு துணை இருந்தால் பொருளைப் பாருங்கள்

சாஃப்ட்வேர் இதைப் பெரும்பாலும் பிடிக்காது. இரண்டு சேர்க்கையும் ஆங்கிலத்தில் சரியானவை. உங்கள் கருத்து எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

'அக்ரீ வித்' என்றால் ஆளோடும் கருத்தோடும் ஒத்துப்போவது. 'அக்ரீ டு' என்றால் எதிர்த்தரப்பு வைத்த நிபந்தனையை ஏற்பது. 'அக்ரீ ஆன்' என்றால் இரு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வருவது. விலைபேசும் மின்னஞ்சலில் 'வி அக்ரீ வித் யுவர் பிரைஸ்' என்று எழுதினால் விலை நியாயம் என்று சொன்னதாகலாம், வாங்கச் சம்மதித்ததாக உறுதியில்லை. சம்மதம் என்றால் 'வி அக்ரீ டு'. பணம் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

'ரிசல்ட் இன்' விளைவைக் காட்டும், 'ரிசல்ட் ஃபிரம்' காரணத்தைக் காட்டும். மாற்றிப் போட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். 'அப்ளை டு' பல்கலைக்கழகத்துக்கு, 'அப்ளை ஃபார்' இடத்துக்கோ உதவித்தொகைக்கோ. 'டீல் இன்' என்றால் அந்தப் பொருளில் வியாபாரம் செய்வது, 'டீல் வித்' என்றால் அந்த விஷயத்தைக் கையாள்வது. புகார்களைக் கவனிக்கிறேன் என்று எழுதப்போய் 'ஐ டீல் இன் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்று எழுதினால் புகார் விற்பதாக ஆகும். 'என்டர்' அறைக்கு நேராகப் போகும், ஒப்பந்தத்துக்கு மட்டும் 'என்டர் இன்டு தி அக்ரிமென்ட்'. 'அட்டெண்ட்' கூட்டத்துக்கு நேராக, நோயாளிக்கும் புகாருக்கும் 'அட்டெண்ட் டு'. 'அப்ரூவ்' என்றால் மேலதிகாரி அனுமதி தருவது, 'அப்ரூவ் ஆஃப்' என்றால் ஒன்றை நல்லதென்று மனதார ஏற்பது.

'கம்ப்ரைஸ்' பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 'தி டீம் கம்ப்ரைஸஸ் ஃபைவ் இன்ஜினியர்ஸ்' என்பதில் துணை கிடையாது. 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப் ஃபைவ் இன்ஜினியர்ஸ்' என்பதில் 'ஆஃப்' கட்டாயம். இரண்டையும் கலந்து 'கம்ப்ரைஸஸ் ஆஃப்' என்று எழுதுவது தவறு. 'இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்' என்ற வடிவம் பரவலாகப் புழங்குகிறது, அகராதிகளிலும் இருக்கிறது. ஆனால் கறாரான எடிட்டர்கள் பலர் அதை ஏற்பதில்லை. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில் 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' போட்டுவிட்டுப் போவதே நல்லது.

7. 'டு' வந்தால் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' வடிவில் வர வேண்டும். 'இன்சிஸ்ட் ஆன் பேயிங்', 'சக்ஸீட் இன் கெட்டிங்', 'ப்ரிவென்ட் தெம் ஃபிரம் என்டரிங்' என்று இவை எளிதாக வந்துவிடும். தடுமாறுவது 'டு' என்ற சொல்லில்தான். 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் உள்ள 'டு' வேறு, 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' வேறு. இரண்டாவது பிரிபொசிஷன். ஆகவே 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃபிரம் யூ'.

ஐயம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் வினையை எடுத்துவிட்டு 'இட்' என்று போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. ஆகவே 'இங்' போடுங்கள். 'வாண்ட் டு இட்' நிற்கவில்லை. ஆகவே வெறும் வினை. 'அப்ஜெக்ட் டு', 'காண்ட்ரிப்யூட் டு', 'கமிட்டட் டு', 'டெடிகேட்டட் டு', 'அக்கஸ்டம்ட் டு' ஆகிய எல்லாம் இந்தச் சோதனையில் 'இங்' பக்கம் விழும். எஸ்ஓபியில் 'ஐ ஆம் கமிட்டட் டு இம்ப்ரூவிங்' என்பது அடிக்கடி தேவைப்படும் சேர்க்கை, மனப்பாடமே செய்துவிடலாம்.

8. இணைத்த இடத்திலும் திருப்பிய இடத்திலும் விழுந்துபோனதைத் தேடுங்கள்

இரண்டு வினைகளை 'அண்ட்' போட்டு இணைக்கும்போது ஒன்றின் துணை விழுந்துவிடும். 'வி கம்ப்ளை அண்ட் அடியர் டு தி ரூல்ஸ்' என்பதில் முதல் வினை 'வித்' இல்லாமல் நிற்கிறது. 'கம்ப்ளை வித் அண்ட் அடியர் டு' என்று எழுதலாம், ஆனால் ஒரே பொருளைச் சொல்ல இரண்டு வினை எதற்கு? ஒன்றை எடுத்துவிடுங்கள். 'இன்ட்ரஸ்டட் அண்ட் கமிட்டட் டு' என்பதில் 'இன்ட்ரஸ்டட் இன்' என்று தனித்துணை சேர்த்தாக வேண்டும்.

வாக்கியத்தைத் திருப்பும்போதும் இதே கதை. நான் விண்ணப்பித்த வேலை என்று எழுத 'தி ஜாப் ஐ அப்ளைட்' என்று நிறுத்திவிடுகிறோம். 'தி ஜாப் ஐ அப்ளைட் ஃபார்' என்று முடியுங்கள். பிரிபொசிஷனில் வாக்கியம் முடியக் கூடாது என்று பள்ளியில் கேட்டிருந்தால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். நல்ல ஆங்கிலத்தில் அது முடிகிறது. 'தி கம்ப்ளெய்ன்ட் வாஸ் டெல்ட் வித்' என்பதும் அப்படியே.

தேவையில்லாமல் ஒட்டுவதையும் இந்தச் சுற்றிலேயே களையுங்கள். 'கோப் அப் வித்' கிடையாது, 'கோப் வித்'தான். 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்' இரண்டிலும் கடைசிச் சொல் வீண். 'ரிவர்ட்' என்பதைப் பதிலளிப்பது என்ற பொருளில் நம் அலுவலகங்களில் எழுதுகிறோம். இந்தியாவுக்கு வெளியே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது என்றே படும். 'ரிப்ளை டு' எழுதுங்கள். கல்லூரி முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று எஸ்ஓபியில் எழுதவே வேண்டாம்; அங்கே படிப்பவருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். 'கிராஜுவேட்டட் ஃபிரம்' என்பதே சொல்.

9. அகராதி தீர்க்காததை நூல்களின் திரளில் தேடுங்கள்

கூகுள் தேடலில் மேற்கோள்குறிக்குள் போட்டு எத்தனை முடிவுகள் என்று எண்ணுவதை நம்பாதீர்கள். அந்த எண் தோராயமானது, அதோடு தவறாக எழுதியவர்களும் அதில் இருக்கிறார்கள். கூகுள் என்கிராம் வியூவர் மேலானது; அச்சான நூல்களில் ஒரு சேர்க்கை எவ்வளவு வருகிறது என்று கோடாக வரைந்து காட்டும். கட்டணமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதுமில்லை.

'டிஸ்கஸ்ட் தி', காற்புள்ளி, 'டிஸ்கஸ்ட் அபவுட் தி' என்று ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கோடு மேலே ஓடும், இன்னொன்று தரையோடு தரையாகக் கிடக்கும். எந்தத் துணை என்றே தெரியாவிட்டால் வினைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக்குறி, அடிக்கோடு, பிறகு ஏ, டி, பி என்ற மூன்று பெரிய எழுத்துகள் என்று கொடுங்கள். அதிகமாக வரும் பத்துப் பிரிபொசிஷன்களை அதுவே வரிசைப்படுத்தும்.

கவனிக்க வேண்டியவை சில. ஐந்து சொற்களுக்கு மேல் தேட முடியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். நாற்பது நூல்களுக்குக் குறைவாக வருவதைக் காட்டவே காட்டாது. ஆகவே முடிவு இல்லை என்றால் அந்தச் சேர்க்கை அரிது என்று எடுத்துக்கொள்ளலாம். 'தி' சேர்த்துத் தேடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 'டிஸ்கஸ் அபவுட் ட்வென்டி இஷ்யூஸ்' என்பது சரியான ஆங்கிலம். அங்கே 'அபவுட்' என்றால் ஏறக்குறைய. வெறும் இரண்டு சொல்லைத் தேடினால் இதுவும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் வேறுபாடு இருக்கலாம் என்று தோன்றினால், அதே பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனித் தொகுப்பு உண்டு. ஒரு படிப்பில் சேர்வதற்கு பிரிட்டனில் 'என்ரோல் ஆன் எ கோர்ஸ்' வரும், அமெரிக்காவில் 'இன்'. விண்ணப்பம் எங்கே போகிறதோ அந்த நாட்டின் வழக்கைப் பிடியுங்கள்.

10. ஒரு மின்னஞ்சலை எடுத்துச் செய்து பார்ப்போம்

வரைவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 'ஐ ஹேவ் டிஸ்கஸ்ட் அபவுட் தி டிலே வித் தி சப்ளையர். ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் மி தி ரீசன். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ மோர் டேஸ். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃபிரம் யூ.'

கோடு போட்டால் நான்கு வினை. முதலாவதில் தமிழின் 'பற்றி' இழுத்திருக்கிறது, 'அபவுட்' போகிறது. அதே வாக்கியத்தில் உள்ள 'வித்' இருக்கட்டும். யாரோடு பேசினோம் என்பதற்கு அது தேவை. இரண்டாவதில் ஆள் எதிரில் இருக்கிறார், வினையோ 'டு' கேட்கும் கூட்டம். மூன்றாவதில் 'ஐ'க்குப் பின் வருவதால் 'ரிக்வெஸ்ட்' வினை, 'ஃபார்' உதிர்கிறது. நான்காவது 'இட்' சோதனை, 'இங்' வருகிறது.

திருத்தியது: 'ஐ ஹேவ் டிஸ்கஸ்ட் தி டிலே வித் தி சப்ளையர். ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ரீசன் டு மி. ஐ ரிக்வெஸ்ட் டூ மோர் டேஸ். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃபிரம் யூ.' சொற்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, புதிதாக எந்தக் கடினமான சொல்லும் வரவில்லை.

11. நோட்டும் நேரமும்

திருத்திய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள், ஆனால் 'டிபெண்ட் ஆன்' என்று இரண்டு சொல்லாக எழுத வேண்டாம். உங்கள் வேலையில் வரக்கூடிய முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'தி டெலிவரி டேட் டிபெண்ட்ஸ் ஆன் தி பேமென்ட்'. அகரவரிசையில் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வது பலன் தராது. நீங்கள் திரும்பத் திரும்ப எழுதும் வினைகள் அதிகம் இருக்காது, அவை பிடிபட்டால் அன்றாடக் கடிதங்கள் சரியாகிவிடும்.

கடைசி நாளில் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை அன்றைக்கே பார்க்காதீர்கள். முந்தின இரவு வரைவை முடித்துவிட்டு மறுநாள் காலையில் கோடு போடுங்கள். ஏஐ கருவியிடம் கொடுப்பதாக இருந்தால் கடிதத்தைத் திருத்தித் தா என்று கேட்காமல், வினையும் பிரிபொசிஷனும் தவறாகச் சேர்ந்த இடங்களை மட்டும் காரணத்தோடு காட்டச் சொல்லுங்கள். முழுவதையும் மாற்றிவிட்டால் எஸ்ஓபியில் உங்கள் குரலே இருக்காது. அது காட்டுவதையும் அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுவோருக்குத் தேர்வறையில் அகராதி கிடையாது. எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாம் பகுதிக்குக் குறைந்தது 250. இரண்டாம் பகுதிக்கு மதிப்பு இரு மடங்கு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்கி, அதில் கடைசி நான்கு நிமிடத்தைச் சரிபார்ப்புக்கு வையுங்கள். அந்த நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பெயரா வினையா என்ற சோதனை, 'டு'வுக்குப் பின் 'இட்' சோதனை, 'அண்ட்' வந்த இடங்கள் என்ற இந்த மூன்றை மட்டும், இதே வரிசையில் பாருங்கள். எந்தத் துணை என்று அப்போதும் தெரியாத வினை இருந்தால் அதை அடித்துவிட்டுத் தெரிந்த வினையை எழுதுங்கள்.